ஆம்பியரையும் கொஞ்சம் பாருங்கள்

மூன்று சேனல் பவர் சப்ளை (மூன்று தனித்தனி வோல்ட்டுகளைத் தரும் மேசை மின்வழங்கி) முன் புதிதாக உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வோல்ட்டை மட்டும்தான் பார்க்கிறார்கள். 3.3, 5, 12 என்று கச்சிதமாக வைத்துவிட்டு அவுட்புட் பட்டனைத் தட்டிவிடுவார்கள். பக்கத்திலேயே இருக்கும் ஆம்பியர் எண் கண்ணில் படுவதே இல்லை.

நானும் அப்படி ஒரு போர்டைக் கருக்கியிருக்கிறேன். முதல் நாள் யாரோ மோட்டாரைச் சோதித்துவிட்டு கரண்ட் லிமிட்டை (சப்ளை தர அனுமதிக்கும் அதிகபட்ச மின்னோட்டத்தை) 3 ஆம்பியரில் விட்டுப் போயிருந்தார்கள். சப்ளை அதை மறக்காமல் வைத்திருந்தது. என் போர்டுக்கு 80 மில்லியாம்பியர் போதும். அதில் பிளஸ், மைனஸ் பார்த்து மாட்ட வேண்டிய ஒரு டான்டலம் கெபாசிட்டர் தலைகீழாக சால்டர் ஆகியிருந்தது. பட்டனைத் தட்டியதும் ‘பட்’டென்று சத்தம், புகை, நாற்றம். லிமிட் 100 மில்லியாம்பியரில் இருந்திருந்தால் திரையில் ‘சிசி’ (மின்னோட்டம் லிமிட்டைத் தொட்டுவிட்டது என்ற அடையாளம்) எழுத்து வந்து வோல்ட் சரிந்திருக்கும். பாகத்தைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டால் முடிந்திருக்கும் வேலை.

சரி, லிமிட் வைத்தாயிற்று, இனி பயமில்லையா? இருக்கிறது. லிமிட்டை 20 மில்லியாம்பியரில் வைத்து, 12 வோல்ட் அவுட்புட்டை ஆன் செய்துவிட்டு, அப்புறம் ஒரு எல்இடியை வயரில் தொட்டுப் பாருங்கள், எரிந்துபோகலாம். சப்ளையின் வாசலிலேயே ஒரு கெபாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது 470 மைக்ரோஃபாரட் என்றால் 12 வோல்ட்டில் சுமார் 34 மில்லிஜூல் சேர்ந்திருக்கும். லிமிட் சுற்று விழித்துக்கொள்வதற்குள் அது எல்இடியில் பாய்ந்துவிடும். அவுட்புட் ஆஃபில் இருக்கும்போதே வயரை மாட்டுங்கள், பிறகு ஆன் செய்யுங்கள்.

பல சேனல்களில் வேறொரு வில்லங்கம் உண்டு. 1.2 வோல்ட் சேனல் ஓவர்கரண்ட்டில் டிரிப் ஆகிறது (மின்னோட்டம் மிஞ்சியதால் தானாக அணைகிறது), 3.3 வோல்ட் அப்படியே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உயிரோடு இருக்கும் சிப், தன் சிக்னல் கால்கள் வழியே உயிரில்லாத சிப்புக்குள் மின்னோட்டத்தைத் தள்ளும். அந்தக் கால்களில் உள்ள பாதுகாப்பு டயோடுகள் இதற்காக வைத்தவை அல்ல. ஒன்று டிரிப் ஆனால் எல்லாம் அணையும்படி இணைக்கும் வசதி பல மாடல்களில் இருக்கிறது. மெனுவில் எங்கேயோ புதைந்திருக்கும், தேடி எடுங்கள்.

வயரையும் சும்மா விடக் கூடாது. போய் வர மொத்தம் 0.1 ஓம், ஓடுவது 2 ஆம்பியர் என்றால் வழியிலேயே 0.2 வோல்ட் போய்விடும். திரை 1.2 என்று காட்டும், போர்டுக்குப் போவது 1.0 தான். பிராசசர் காரணமில்லாமல் ரீசெட் ஆகிறது என்று நிரலில் பிழை தேடி அரை நாள் தொலைத்தவன் நான். சப்ளையின் சென்ஸ் முனைகளை (போர்டில் உள்ள வோல்ட்டை அளந்து சரிக்கட்ட உதவுபவை) போர்டு வரை இழுத்த பிறகுதான் நின்றது.

கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டுகிறவர்கள் முதலில் ரீசெட், அடுத்து லிமிட், பிறகு வோல்ட், கடைசியில் அவுட்புட் என்று கட்டளைகளை அனுப்புங்கள். நிரல் நடுவில் நின்றுபோனால் சப்ளைக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். பிழை வந்தால் அவுட்புட்டை அணைக்கும் வரியைச் சோதனை வரிகளுக்கு முன்பே எழுதிவிடுவது என் வழக்கம்.