தன்னிலை காத்தல்: இதைச் 'சமநிலை' என்று சொல்லலாமா?

மண்டபம் அருகே ஒரு கடற்கரை ஊரில் மருத்துவ முகாம் நடந்தது. வெளியே எது மாறினாலும் உடல் தன் உள்நிலையை ஏறக்குறைய மாறாமல் காத்துக்கொள்வதற்கு 'ஹோமியோஸ்டாசிஸ்' என்று பெயர். பேச வந்தவர் அதை 'உடல் சமநிலை' என்றே ஏழெட்டு முறை சொன்னார். என் பக்கத்தில் இருந்த, கடலில் பாசி எடுக்கப் போகும் அக்கா, "தள்ளாடி விழாமல் நிற்பதைத்தானே சொல்கிறார், தம்பி?" என்று கேட்டார். அவர் புரிந்துகொண்டதில் பிழையே இல்லை. அலையில் ஆடும் வள்ளத்தில் ஏறி இறங்குபவருக்குச் சமநிலை என்றால் அதுதான். பிழை சொல்லைத் தேர்ந்தவருடையது.

கிரேக்கத்தில் 'ஹோமோயோஸ்' ஒத்தது, 'ஸ்டாசிஸ்' நிற்றல். உடலுக்குள் ஓர் அகச்சூழல் உண்டு என்று பிரான்சின் கிளாட் பெர்னார் 19ஆம் நூற்றாண்டில் சொன்னார். அதை வளர்த்த அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1926இல் இந்தப் பெயரை இட்டார். சமநிலையைக் குறிக்கும் சொல் அவர் மொழியிலும் இருந்தது. மூடிய அமைப்புக்குள் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதை அது குறிக்கும் என்பதால், அவர் அதை வேண்டாமென்று ஒதுக்கினார். அவர் ஒதுக்கியதையே நாம் தேடி எடுத்துத் தமிழ் என்று பரிமாறுகிறோம்.

'சமம்' வடசொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை. பொருளே தவறு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நம் குருதிநீரின் உப்போ 9 கிராம் அளவில்தான். அந்த அக்கா மணிக்கணக்கில் கடலுக்குள் இருக்கிறார். கடலின் குளிர் அவர் உடலுக்குள் ஏறவில்லை, 37 பாகை வெப்பம் அப்படியே இருக்கிறது. தோலுக்கு வரும் குருதி குறைகிறது, குளிர் மிஞ்சினால் தசை நடுங்கிச் சூடு உண்டாக்குகிறது. கரையேறி வெயிலில் நடந்தால் வியர்வை அதே வேலையை மறுபக்கத்திலிருந்து செய்கிறது. குருதியில் உப்புச் செறிவு கூடினால் மூளையின் ஹைபோதலாமஸ் தாகத்தை எழுப்பும், சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். அந்தச் சிறுநீரகமும் கடல்நீரிடம் தோற்கும்: குடித்த உப்பை வெளியேற்றக் குடித்ததைவிட அதிகத் தண்ணீர் செலவாகும். பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, தங்கல் போகும் படகில் குடிதண்ணீரை முதலில் ஏற்றுவது அதனால்தான். கடலோடு உடல் சமநிலை அடைவது பிணமான பிறகுதான். உயிர் என்பது அந்தச் சமநிலைக்கு இடங்கொடாமல் இருப்பது.

இன்னொரு சாரார் 'ஒருசீர்த்திடநிலை' என்கிறார்கள். சீர், திடம், நிலை மூன்றும் அசையாமல் நிற்பவை. 'ஒரு' என்பதும் ஒவ்வாது. 'ஒத்த' என்று பொருள்படும் முன்னொட்டைக் கேனன் தேர்ந்ததே, சிறு ஏற்றத்தாழ்வுக்கு அதில் இடம் உண்டு என்பதற்காகத்தான். வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்க்காமல் ஆக்கிய சொல் இது.

'தன்னிலை காத்தல்' போதும். 'தன்னிலை விளக்கம்' நினைவுக்கு வரும் என்பார்கள். பக்கத்தில் 'காத்தல்' நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. அது தொழிற்பெயர், ஓயாத வேலையைக் காட்டுகிறது. பாம்பன் கால்வாயின் நீரோட்டத்தில் படகை ஓரிடத்தில் நிறுத்தச் சுக்கானிலிருந்து கையெடுக்க முடியாது. அந்தக் கை இந்தச் சொல்லில் இருக்கிறது.

ஹோமியோஸ்டாசிஸ் பற்றிய பாடத்திலேயே 'எதிர்மறைப் பின்னூட்டம்' என்று ஒன்று வருகிறது. கேட்பவர் ஏதோ கெடுதல் என்றே நினைப்பார். வெப்பம் கூடினால் குறைப்பதும் குறைந்தால் கூட்டுவதுமான அந்தச் செயலால்தான் நாம் பிழைத்திருக்கிறோம். 'எதிர்த்திருத்தம்' என்று எழுதினால் என்ன? மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மூடிவிட்டு, அந்த உறுப்பு என்ன செய்கிறது என்று முதலில் பார்க்கட்டும்.