நாசிலைக் குத்துவதற்கு முன் தொட்டியைத் திறந்து பாருங்கள்

ஓணம் லீவு முடிந்து கம்பெனி திறக்கிற அன்று காலை ஒன்பது மணிக்குள் எனக்கு ஒரு போனாவது வந்துவிடும். "அண்ணா, கூலண்ட் வரலீங்க. பம்பு போயிடுச்சாட்டம் இருக்குது." கஞ்சிக்கோடு, வாளையார், வேலந்தாவளம் என்று பாலக்காட்டு எல்லையோரப் பட்டறைகளில் மில்லிங் மெஷினும் விஎம்சியும் (கம்ப்யூட்டரில் ஓடுகிற மில்லிங் மெஷின்) பழுது பார்ப்பது என் தொழில். கூலண்ட் என்பது உலோகத்தை வெட்டும்போது டூலும் ஜாப்பும் (வெட்டுகிற பொருள்) சூடாகாமல் இருக்க, தொட்டியிலிருந்து பம்பு இழுத்து நாசில் என்கிற குழாய் முனை வழியாகப் பீய்ச்சுகிற எண்ணெய், தண்ணீர்க் கலவை. போய்ப் பார்த்தால் பம்பு நன்றாகத்தான் இருக்கும். பத்து நாள் சும்மா நின்ற தொட்டிதான் கெட்டுப்போயிருக்கும்.

ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஆபரேட்டர் கொழிஞ்சாம்பாறைப் பையன், நல்ல கைக்காரன். லீவு முடிந்து வந்தவன் மெஷினைப் போட்டதும் நாசிலில் கூலண்ட் நூலாக வழிந்திருக்கிறது. மெல்லிய கம்பி ஒன்றை விட்டுக் குத்தினான். பீய்ச்சி அடித்தது. சரி என்று ஜாப்பை மாட்டிக் கதவைச் சாத்திவிட்டான். ஐந்தாவது ஜாப்பில் திரும்பவும் நூல்தான் வந்திருக்கிறது. கதவுக்கு வெளியே நின்றவனுக்கு அது தெரியவில்லை. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பிளேட்டில் எம்10 டேப்புக்காக, அதாவது 10 மில்லிமீட்டர் மரை போடுவதற்காக, விட்ட 8.5 மில்லிமீட்டர் டிரில் துளைக்குள்ளேயே முறிந்து நின்றது.

நான் போய் ஹோஸைக் கழற்றி, எல்போ வளைவை ஒட்டி ஒரு சாண் அறுத்துப் பிளந்து காட்டினேன். உள்சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில், ஆறிய கஞ்சியின் ஆடை மாதிரி வழவழப்பு. அதில் அலுமினியப் பொடி ஒட்டி மினுங்கியது. வளைவில் பனியன் வேஸ்ட்டின் (மெஷின் துடைக்கிற துணி) நூல் நாலைந்து குறுக்கே கிடக்க, அதைச் சுற்றிப் பொடியும் வழவழப்பும் சேர்ந்து கோலிக்குண்டு அளவுக்கு ஓர் உருண்டை. அதிலிருந்து பிய்ந்து வருகிற துணுக்குதான் ஒவ்வொரு தடவையும் நாசிலை அடைத்திருக்கிறது. "அப்ப நான் குத்துனது?" என்றான். அவன் குத்தியது துணுக்கை. உருண்டை அசையாமல் உட்கார்ந்திருந்தது. போதாததற்குக் குத்திக் குத்தி நாசில் வாய் கோணலாகி, தண்ணீர் டூல் முனையில் விழாமல் பக்கவாட்டில் சிதறிக்கொண்டிருந்தது.

இந்த வழவழப்பு எங்கிருந்து வருகிறது? மெஷின் ஓடும்போது, நகர்கிற பாகங்களுக்குப் போடுகிற ஸ்லைடு ஆயில் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் இறங்கி, கூலண்ட் மேல் படலமாக மிதக்கும். தினமும் ஓடுகிற மெஷினில் பம்பு கலக்கிக்கொண்டே இருப்பதால் காற்று உள்ளே போகும். மெஷின் நின்றுவிட்டால் அந்த எண்ணெய்ப் படலம் மூடி போட்ட மாதிரி காற்றைத் தடுக்கும். காற்றில்லாத இடத்தில் வளர்கிற பாக்டீரியாவுக்கு அதுதான் வசதி. அழுகின முட்டை நாற்றம் அதன் வேலை. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. பாக்டீரியாவோடு பூஞ்சையும் சேர்ந்தால் தொட்டிச் சுவரிலும் குழாய்க்குள்ளும் பாசி மாதிரிப் படியும். நாற்றம் வருகிறதென்றால் குழாய் அடைக்கத் தொடங்கிவிட்டது என்றே நான் கணக்கு வைத்துக்கொள்வேன்.

அடுத்தது தண்ணீர். நம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் கூலண்ட் எண்ணெயோடு சேர்ந்து பிசுபிசுப்பான சோப்புக் கசடாக மாறும். உப்புத் தண்ணீரில் குளித்தால் வாளி ஓரம் படிகிறதே, அதே சங்கதி. எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று, ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 லிட்டர் தொட்டி, தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம், தினமும் 10 லிட்டர் ஆவியாகி அதே போர் தண்ணீரை ஊற்றுகிறீர்கள். ஒரு நாளைக்கு 3 கிராம் உப்பு கூடுகிறது. 25 வேலை நாளில் 75 கிராம். லிட்டருக்கு 375 மில்லிகிராம் கூடி, 300-ல் தொடங்கியது 675-ல் நிற்கும். ஜாப்போடும் வெட்டின சுருளோடும் கொஞ்சம் வெளியே போகும், அதைக் கழித்தாலும் நிலைமை மோசம்தான். கணவாய்க் காற்று வறண்டு அடிக்கிற மார்கழி, தை மாதங்களில் தொட்டி மட்டம் இறங்குகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் குறைகிறதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீரை (உப்பு நீக்கிய தண்ணீர்) எடுங்கள். வெறும் தண்ணீராக ஊற்றாமல் ஒன்று, இரண்டு சதவீதம் கூலண்ட் கலந்தே ஊற்றுங்கள். முதல் நிரப்புக்கும் ஆர்.ஓ.வையே எடுத்தால் சில கூலண்டுகள் நுரைத்துத் தள்ளும், டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கலக்கும்போது தண்ணீரில் எண்ணெயை ஊற்ற வேண்டும். எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் கட்டிகட்டியாகத் திரிந்து, அதுவே குழாயை அடைக்கும். பிறகு ரீஃப்ராக்டோமீட்டர், கூலண்டின் பலத்தைப் பார்க்கிற கருவி. அதில் தெரிகிற எண் சதவீதம் இல்லை. கூலண்டுக்குக் கூலண்ட் ஒரு பெருக்கல் எண் உண்டு. அது 1.5 என்றால், 4 காட்டுகிற கூலண்டின் உண்மையான பலம் 6 சதவீதம்.

வார்ப்பிரும்பு ஓட்டுகிற மெஷினைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும். அந்தப் பொடி மாவு மாதிரி. சல்லடையைத் தாண்டி மூலையில் படிந்து, துருப்பிடித்து இறுகினால் சிமெண்ட்தான். உளி வைத்துத் தட்டி எடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் கைப்பிடி காந்தத்தைத் தொட்டிக்குள் ஒரு சுற்று விட்டு எடுத்தாலே பாதித் தொல்லை குறையும்.

எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். பம்புக்குப் பக்கத்தில் பிரஷர் கேஜ் இருந்தால் அதைப் பாருங்கள். வழக்கத்தைவிட முள் ஏறியிருந்து, நாசிலில் வருகிற தண்ணீர் குறைந்தால் அடைப்பு கேஜுக்குப் பிறகு, அதாவது ஹோஸ், எல்போ, நாசில் பக்கம். முள் இறங்கி, பம்பும் கரகரவென்று சத்தம் போட்டால் உறிஞ்சுகிற பக்கம்: சல்லடை அடைத்திருக்கும், இல்லை தொட்டியில் மட்டம் குறைந்திருக்கும்.

ஹோஸை ஊதும்போது மெயினை அணைத்துவிட்டு, பம்பு பக்கமும் கழற்றி, நாசில் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஊதுங்கள். வந்த வழியே தள்ளினால்தான் கட்டி வெளியே வரும். முன்னோக்கி ஊதினால் இன்னும் இறுகும். காற்றைக் குறைத்து வைத்து, மறுமுனையை வாளிக்குள் விட்டுத் துணியால் மூடுங்கள். கண்ணாடி கட்டாயம். அழுகின கூலண்டின் சாரலை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு. கையை மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ கழுவுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அரிப்பும் வெடிப்பும் கூலண்டால் பாதி, இதனால் பாதி.

முழுச் சுத்தம் செய்கிற அன்று, பழைய கூலண்டிலேயே சிஸ்டம் கிளீனரைக் கலந்து டப்பாவில் சொன்ன நேரம் ஓட்டிவிட்டு இறக்குங்கள். அடிச்சேற்றை வழித்து, மூலைகளைத் துடைத்து, மெலிதான கூலண்ட் கலவையால் ஒரு முறை அலசுங்கள். அலசும்போது நாசில்களைக் கழற்றி, ஹோஸ் முனைகளை வாளியில் விட்டு ஓட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், குழாய்க்குள் பெயர்ந்த பாசியெல்லாம் நேராக நாசிலுக்குத்தான் வரும். நாற்றத்துக்கு பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் போட்ட தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். நாற்றம் இரண்டு நாள் அடங்கியது, மெஷின் பெட் துருப்பிடித்தது.

இறக்கிய கூலண்ட் ஓடைக்குப் போகக் கூடாது. இங்கே ஓடை கோரையாற்றுக்குத்தான் போய்ச் சேரும். 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி, இப்படிப்பட்ட எண்ணெய்க் கழிவை அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், பட்டறையில் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. மாதம் ஒரு டிரம் சேர்கிற சின்னப் பட்டறைக்கு இது தலைவலி என்பது தெரியும். பக்கத்துப் பட்டறைகளோடு பேசி ஒரே வண்டியில் அனுப்பினால் செலவு தாங்கும்.

லீவுக்கு முந்தின நாள் இரண்டு வேலை போதும். மிதக்கிற எண்ணெயை வழித்தெடுங்கள். மீன் தொட்டிக்குப் போடுகிற சின்னக் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி, அதன் டியூபைக் கூலண்ட் தொட்டிக்குள் விட்டு ஓடவிடுங்கள். முதலில் சொன்னேனே, அந்தக் கொழிஞ்சாம்பாறைப் பையனின் மெஷினில் இப்போது அதுதான் ஓடுகிறது. செக்யூரிட்டி சேட்டனுக்குக்கூட, இதற்குள் மீன் எங்கே என்று சந்தேகம்.

மெஷின் கதவின் உள்பக்கம் அவன் மார்க்கரால் "வாளி 22" என்று எழுதி வைத்திருக்கிறான். சுத்தம் செய்த அன்று நாசில் எல்லாவற்றையும் திறந்து பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பார்த்தோம், அந்தக் கணக்கு. திங்கள்தோறும் அளக்கிறான். 25 ஆனால் சல்லடையைக் கழற்றுகிறான், 28 ஆனால் எனக்குப் போன் போடுகிறான். இந்த ஓணத்துக்கு அவனிடமிருந்து போன் வந்தது, பாயசம் குடிக்க வரச் சொல்லி.