மழைக்காலத்தில் வயலினின் ஒட்டு விட்டால் என்ன செய்ய வேண்டும்?

ஐப்பசி பிறந்ததிலிருந்து தை வரை புதுச்சேரியிலும் கடலூரிலும் இருந்து என் பட்டறைக்கு வரும் வயலின்களில் பெரும்பாலானவை ஒரே குறையோடுதான் வருகின்றன. மேல்பலகையும், பக்கச் சுவராக நிற்கும் விலாப்பலகையும் சேரும் ஓரத்தில் ஒட்டு விட்டிருக்கும். அது பெரிய குறையே அல்ல. பசை தடவி, கிளாம்ப் போட்டு, ஓர் இரவு வைத்தால் சரியாகிவிடும். எனக்கு வேதனை தருபவை, அந்த இடைவெளியில் வீட்டிலேயே சூப்பர் க்ளூ விட்டு மூடிவிட்டு, "இப்போது சத்தம் சரியில்லை" என்று கொண்டுவரப்படும் வயலின்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்ததே, அதற்குப் பின் வந்த வாரங்களில் அப்படிப்பட்டவை நிறையவே வந்தன.

வயலினை ஒட்டுவது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் பசையால். நம் பழைய தச்சர்கள் வஜ்ரம் என்று சொல்லும் அதே வகைதான். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து இளக்கி, சூடு ஆறுவதற்குள் தடவ வேண்டும். ஈரமும் சூடும் சேர்ந்து பட்டால் அது மறுபடி இளகிக்கொடுக்கும். இத்தனை வேதியியல் வளர்ந்த பிறகும் ஏன் இந்தப் பழைய பசை என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். அது இளகுகிறது என்பதற்காகவேதான்.

மேல்பலகை ஸ்ப்ரூஸ் மரம். பெரும்பாலான இடங்களில் அதன் கனம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். விலாப்பலகை இன்னும் மெலிது, சுமார் 1 மில்லிமீட்டர். மேல்பலகை மீது, கம்பிகளைத் தாங்கி நிற்கும் குதிரை வழியாக அவற்றின் அழுத்தம் ஓயாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது. காற்றில் ஈரம் ஏறும்போது மரம் நாருக்குக் குறுக்கே விரியும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. பலகை அகலத்தில் விரியப் பார்க்கும், விலாவோ அதைப் பிடித்து இழுக்கும். அப்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். வஜ்ரம் விட்டுக்கொடுத்தால் ஒட்டுத் திறக்கும், மரம் பிழைக்கும். மின்சாரப் பெட்டியில் ஃபியூஸ் செய்யும் வேலையை இந்தப் பசை செய்கிறது. அந்த இடத்தில் சூப்பர் க்ளூ இருந்தால், அடுத்த மழைக்குப் பிளப்பது பலகை. பிளவு, உள்ளே இரு பலகைகளுக்கும் நடுவே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு குச்சியின் இடம் வரை ஓடிவிட்டால், பழுதுபார்க்கும் செலவு பல மாணவர்களின் வயலின் விலையையே தாண்டிவிடும். அது மட்டுமல்ல, அந்தப் பசை மரத்தின் துளைகளுக்குள் இறங்கிவிடுவதால் பின்னால் வஜ்ரம் போட்டாலும் பிடிக்காது. பிரித்தெடுக்கும்போது மரமும் சிம்பு சிம்பாகக் கூடவே வரும்.

இதையெல்லாம் நான் பாதி என் ஆசானிடம் கற்றேன், பாதி ஓர் இதழிலிருந்து. லண்டனில் 1890-இல் தொடங்கி இன்றும் வெளிவரும் 'தி ஸ்ட்ராட்' அது. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் வாசிப்பவர்களுக்கும் அவற்றைச் செய்பவர்களுக்குமான மாத இதழ். பெரிய கைவினைஞர்கள் தங்கள் வேலைமுறையைப் படிப்படியாகப் படம் எடுத்து அதில் விளக்குவார்கள். பழைய இத்தாலிய வயலின்களின் அளவுகளோடு, உண்மை அளவிலேயே படங்கள் வரும். தந்தை மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த நுட்பங்களை, 130 ஆண்டுகளைத் தாண்டியும் ஓர் இதழ் எல்லோருக்கும் பொதுவில் வைத்துக்கொண்டிருக்கிறது. என் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் காரியம் அது.

ஆனால் அதைப் படிக்கும்போது எந்த ஊர்க் குளிருக்காக எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றுவதால் அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மரம் சுருங்கி வெடிக்கும். அதனால் ஈரமாக்கிய பஞ்சுக் குழாயை வயலினின் துளைக்குள் விட்டுவைக்கும் பழக்கம் அங்கே உண்டு. அங்கே அது சரியான மருந்து. மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் கடற்கரை ஊரில் அதே குழாயை இணையத்தில் வாங்கி உள்ளே செருகுகிறார்கள். அப்படி வந்த வயலின்களின் உட்புறத்தில் பூஞ்சை படர்ந்திருந்ததைக் கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நமக்குத் தேவை ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், பெட்டிக்குள் ஒரு சிறிய ஈரப்பத மானி, இவ்வளவுதான். நிறம் மாறிய பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, மேல்நாட்டு இதழில் விடை தேட முடியாத விஷயம். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுசாமி தீட்சிதர் காலத்திலிருந்து வயலின் நம்முடையதாகிவிட்டது. நாம் தரையில் அமர்ந்து, அதன் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறோம். கமகம் வழுக்கிவர இடக்கை விரல்களில் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்கிறோம். வாசிப்புக்கு அது வேண்டும்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கழுத்துப் பக்கத்து ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தால் அந்த எண்ணெய் உள்ளே இறங்கும். எண்ணெய் குடித்த மரத்தில் எந்தப் பசையும் நிற்காது. சுத்தம் செய்யவே நாள்கணக்கில் ஆகும். வில்லின் முடியில் பட்டால், அதில் தடவும் ரோசின் என்ற பிசின் பிடிக்காமல் முடியையே மாற்ற வேண்டிவரும். ஒரு துளிக்கு மேல் வேண்டாம், வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் விரல்பலகையையும் கணுக்காலில் பட்ட தலைப்பகுதியையும் துடையுங்கள். இப்படி நம் வாசிப்பு முறையிலிருந்து வரும் பழுதுகளைப் பற்றிய அறிவு பெரும்பாலும் பட்டறைகளில் வாய்ச்சொல்லாகவே இருக்கிறது. இதைச் செய்கிற மற்றவர்களும் தமிழில் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

வீணைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரம்தான் தஞ்சாவூருக்குப் போய் வீணையாகிறது. வெயிலைப் பலா ஓரளவு தாங்கும், வீணையின் மெழுகு தாங்காது. சுரங்களுக்கு இடம் காட்டும் 24 மெட்டுகளும் மெழுகில்தான் அமர்ந்திருக்கின்றன. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் கச்சேரி முடியும்வரை வீணையை விட்டால் மெட்டுகள் நகர்ந்துவிடும். மெட்டுகளை மறுபடி மெழுகில் பதித்து மேளம் கட்டத்தான் வேண்டும். அதே காருக்குள் வயலினின் வஜ்ரமும் இளகும்.

ஒட்டு விட்டிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். விரல் முட்டியால் ஓரம் முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். விட்ட இடத்தில் ஒலி தட்டையாக, சற்றே அதிர்ந்து கேட்கும். கண்டுபிடித்தால் நான்கு கம்பிகளையும் ஒன்றிரண்டு சுரம் இறக்குங்கள். முழுவதும் கழற்றிவிடாதீர்கள், அழுத்தம் போனால் குதிரை சாயும், உள்ளே ஒட்டாமல் நிற்கும் சவுண்ட் போஸ்ட்டும் விழுந்துவிடும். மழையில் ஊதி இறுகிப்போன பிருடையை, அதாவது கம்பியை முறுக்கும் ஆணியை, குறடு வைத்துத் திருகாதீர்கள், தலைப்பெட்டி பிளக்கும். எண்ணெய் படாமல், இடைவெளியில் எதையும் நுழைக்காமல், அப்படியே பெட்டியில் வைத்துத் தெரிந்த பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். என்ன பசை போடப்போகிறார் என்று முதலிலேயே கேளுங்கள். வஜ்ரம் என்று சொல்லாதவரிடம் கருவியைக் கொடுக்க வேண்டாம்.