ஐஎஃப்எஸ்சி தட்டியதும் கிளைப் பெயர் எங்கிருந்து வருகிறது?

கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும்போது வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைத் தட்டுகிறோம். அடுத்த கட்டத்துக்கு விரல் போவதற்குள் வங்கிப் பெயரும் கிளைப் பெயரும் தாமாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. அவை படிவத்துக்குள் இருந்தவை அல்ல. இன்னொரு சர்வரிடம் படிவம் கேட்டு வாங்கியவை. இதைத்தான் வெப் சர்வீஸ் கால் என்கிறார்கள்.

கேட்பதற்கு முன் படிவத்துக்கே ஒரு வேலை உண்டு. ஐஎஃப்எஸ்சியில் மொத்தம் 11 இடங்கள். முதல் 4 எழுத்துகள் வங்கிக்கு, கடைசி 6 கிளைக்கு. நடுவில் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம். அங்கே பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ'வைத் தட்டிவிடுவது மிகச் சுலபம். அந்தத் தவறைப் படிவமே பிடித்துவிடலாம், சர்வர் வரை போகவே வேண்டாம். 11 இடங்களும் நிரம்பிய பிறகு ஒரு முறை கேட்டால் போதும்.

பதில் பெரும்பாலும் ஜேசான் (JSON) வடிவில் வரும்; அதில் ஒவ்வொரு தகவலும் தனக்கென ஒரு பெயரோடு இருக்கும். எந்தத் தகவல் எந்தக் கட்டத்துக்கு என்பதை முன்பே இணைத்து வைத்திருப்பார்கள். சர்வர் பக்கம் 'கிளை' என்ற பெயரை 'கிளைப்பெயர்' என்று மாற்றினால்கூட, நம் கட்டம் சத்தமில்லாமல் காலியாக நிற்கும்.

சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரல் 1 அன்று கனரா வங்கியோடு இணைந்தது. 'எஸ்ஒய்என்பி' என்று தொடங்கும் அதன் குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாது. ஆனால் பழைய பாஸ்புக்கில் அச்சிட்ட குறியீடு மாறுமா? ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்காமல், குறியீடுகளின் பட்டியலைத் தன்னிடமே நகல் எடுத்து வைத்த படிவம், யாராவது புதுப்பிக்கும் வரை செல்லாத குறியீட்டையும் சரி என்றே ஏற்றுக்கொள்ளும்.

'அப்படி ஒரு குறியீடு இல்லை' என்பதும் 'சர்வர் பதில் தரவில்லை' என்பதும் வேறு வேறு. இரண்டுக்கும் 'தவறான குறியீடு' என்றே சொல்லும் படிவம், சரியாகத் தட்டியவரையும் அலைய விடுகிறது. கடைசி நாளில் விண்ணப்பிக்கும் மாணவிக்கு அது பெரிய கொடுமை. ஐந்து விநாடியில் பதில் வராவிட்டால் கிளைப் பெயரை அவரே தட்ட வழிவிட வேண்டும்; சரிபார்ப்பை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பவர்கள் தினமும் காலையில் மூன்று குறியீடுகளைத் தானாகச் சோதிக்க வைக்கலாம்: சரியானது ஒன்று, இல்லாதது ஒன்று, பழைய 'எஸ்ஒய்என்பி' ஒன்று.