ஸ்கிரீன்ஷாட்டில் மிஞ்சுவது யாருடைய வார்த்தை?

பாளையங்கோட்டையில் வக்கீல் தொழில் பார்க்கிறேன். எங்கள் சேகரத்து (பல சபைகள் சேர்ந்த திருச்சபை வட்டாரம்) வாலிபர் கூட்டங்களுக்குப் போனால் தவறாமல் வரும் கேள்வி: "வேதக்காரன்னு கேலி பண்றாங்க சார், கேஸ் போடலாமா?" வேதக்காரன் என்றால் இந்தப் பக்கம் கிறிஸ்தவன்.

சிலதுக்குப் போடலாம். ஆனால் இந்த விவகாரத்தில் என்னிடம் வருகிற பையன்களில் பலர் புகார் கொடுக்க வருவதில்லை. புகாரில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள்.

வள்ளியூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் கூடப் படிக்கிறவன், "பால்பவுடருக்கு மாறுன பயலுவதானல நீங்க" என்று போட்டிருக்கிறான். இலவசப் பால்பவுடருக்காக மதம் மாறினவர்கள் என்கிற பழைய கேலி. இவனுக்கு வந்ததே ஆத்திரம்! அவன் கும்பிடுகிற சாமியை இழுத்து, இங்கே எழுத முடியாதபடி நாலு வரி. சீண்டினவன் விவரமானவன், தான் போட்டதை உடனே அழித்துவிட்டான். ஸ்டேஷனுக்குப் போன ஸ்கிரீன்ஷாட்டில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே இவனுடைய நாலு வரியும் முழுசாக நின்றன.

பாரதிய நியாய சன்ஹிதா 299-வது பிரிவு, 2024 ஜூலை 1 வரை இந்திய தண்டனைச் சட்டத்தில் 295அ-வாக இருந்தது. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு மத உணர்வைப் புண்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை. யார் முதலில் சீண்டினார், யார் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று அது பார்க்காது. பேசி சமாதானமாக முடித்தோம். அதற்குள் வள்ளியூர்ப் பையனின் அப்பா ஸ்டேஷன் வாசலில் பட்ட பாடு தனிக்கதை.

பால்பவுடர் பேச்சுக்குக் கோபமே தேவையில்லை. பாளையங்கோட்டையில் கிறிஸ்தவரான குளோரிந்தா அம்மாள் கட்டிய தேவாலயம், ஊரார் சொல்கிற பாப்பாத்தியம்மாள் கோயில், 1785-ல் எழுந்தது. வெளிநாட்டு இலவசப் பால்பவுடர் நம் ஊருக்குப் பெருமளவில் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. சிரித்துக்கொண்டே இதைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகலாம். சொல்லாமலும் போகலாம்.

அதற்காக எல்லாவற்றையும் விழுங்கச் சொல்லவில்லை. மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசுவே, தம்மை அறைந்த சேவகனிடம் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். அப்போஸ்தலர் பவுல் தம் வழக்கில் இராயனுக்கு, அதாவது ரோமப் பேரரசனுக்கு, அபயமிட்டார் (மேல்முறையீடு செய்தார்). சட்டத்தை நாடுவது விசுவாசக் குறைவு என்று சில பெரியவர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. "ஊருக்குள்ள காலை வச்சுப் பாரு, வெட்டிருவேன்" என்பது கேலி இல்லை, மிரட்டல். அதற்கு அதே சன்ஹிதாவில் 351-வது பிரிவு இருக்கிறது. வந்த செய்தியை அழிக்காதீர்கள். எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், போனை மாற்றாதீர்கள். மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டேஷனில் வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்.

மனுவில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். ஒருவர் கொண்டுவந்த மனு "சாத்தானின் பிள்ளைகளாகிய எதிரிகள்" என்று தொடங்கியது. அதைக் கிழித்துப்போட்டுவிட்டு, தேதியில் ஆரம்பித்து வேறு எழுதிக் கொடுத்தேன்.