கவாசாகி நோய் வேறு முகம் காட்டும்போது

1967இல் ஜப்பானிய மருத்துவர் தோமிசாகு கவாசாகி 50 குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கைதான் இந்த நோயை அடையாளம் காட்டியது. ஐந்து நாளாவது நீடிக்கும் காய்ச்சல். கூடவே பீளை இல்லாமல் சிவந்த கண்கள், வெடித்த உதடுகள், தோலில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் நெறிகட்டு. இந்த ஐந்தில் நான்கு இருந்தால் கவாசாகி என்பது பாடப்புத்தகக் கணக்கு. எல்லாக் குழந்தைகளிடமும் அது செல்லுபடியாவதில்லை.

காரணம், இது தோலுக்கோ தொண்டைக்கோ உரிய நோய் அல்ல. நடுத்தரத் தமனிகளின் சுவரில் வரும் அழற்சி. தமனி ஓடாத உறுப்பு ஏது? பித்தப்பை வீங்கிக் கடும் வயிற்றுவலியோடு தொடங்கலாம். தொண்டையின் பின்புறம் நீர் கோத்துச் சீழ்க்கட்டி போலத் தெரியலாம். கீறிப் பார்த்தால் சீழ் இருக்காது. ரத்த அழுத்தம் சரிந்து அதிர்ச்சி நிலையில் வரும் குழந்தைக்குக் கிருமித் தொற்று என்றே சிகிச்சை தொடங்கும். அபூர்வமாக முகத்தின் ஒரு பக்கம் செயலிழப்பதும் உண்டு. என்னைக் கேட்டால், அதிகம் ஏமாற்றுவது சிறுநீர்ப் பரிசோதனைதான். வெள்ளையணுக்கள் நிறைய இருக்கும், வளர்சோதனையில் கிருமி வளராது. சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுப்பதில் நாட்கள் ஓடிவிடும். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடம் திடீரெனச் சிவந்து தடித்தால், அது நல்ல துப்பு.

நாட்கள் ஓடுவதில்தான் ஆபத்து. அழற்சி அணுக்கள் இதயத் தமனிச் சுவருக்குள் புகுந்து, அதன் மீள்நார்களைச் சிதைக்கின்றன. வலுவிழந்த இடம் ரத்த அழுத்தத்தில் புடைக்கிறது. அங்கே ரத்தம் உறைந்தால் மாரடைப்பு கூட வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் சுமார் 25 சதவீதக் குழந்தைகளுக்கு இதயத் தமனி புடைக்கும். பத்து நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலினை (தானமாகப் பெற்ற ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புரதம்) நரம்பு வழியாக ஏற்றினால் அது 4 சதவீதம் அளவுக்குக் குறைகிறது.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகள்தான் ரொம்பக் கவலைக்குரியவர்கள். அறிகுறிகள் அரைகுறையாக இருக்கும், இதயத் தமனி பாதிப்போ அதிகம். அதனால் இந்த வயதில் காரணம் தெரியாத காய்ச்சல் ஏழு நாள் தொடர்ந்தால், வேறு அறிகுறி ஒன்றுகூட இல்லாவிட்டாலும், சிஆர்பி போன்ற, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள் தேவை. அவை உயர்ந்திருந்தால் அப்புறம் எக்கோ, அதாவது இதய ஸ்கேன். முதல் வாரத்தில் எடுத்த எக்கோ சரியாக இருந்தாலும் கவாசாகி இல்லை என்று சொல்லிவிட முடியாது. புடைப்பு பின்னால் தெரியலாம் என்பதால் மறுபடி எடுப்பார்கள்.