முடக்குவாதத்துக்கு ஸ்டெம் செல் ஊசி: மாத்திரையை நிறுத்தச் சொன்னால் நம்பாதீர்கள்

காலையில் எழுந்து ஒரு மணி நேரம் ஆகியும் விரலை மடக்க முடியாமல் தவிக்கும் முடக்குவாத (சரவாங்கி) நோயாளிகள் பலர் இப்போது கேட்பது இதைத்தான்: "ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டால் மாத்திரையை விட்டுவிடலாமா?" விடக் கூடாது. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இந்தப் பதில் மாறாது.

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் இந்த முடக்குவாதம் தேய்மான நோய் அல்ல. உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்ளுறையான சைனோவியத்தைத் தாக்குகிறது. இதற்குச் சோதிக்கப்படும் மீசன்கைமல் ஸ்டெம் செல்கள் (மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுபவை) புதுக் குருத்தெலும்பாக வளரும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஏற்றிய செல்களில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிச் சில நாட்களில் அழிந்துவிடும். அதற்குள் அவை சுரக்கும் பொருட்கள் எதிர்ப்புச் செல்களின் வேகத்தைத் தணிக்கும் என்பதே எதிர்பார்ப்பு. கோணிப்போன விரல் இதனால் நேராகாது.

சான்று எவ்வளவு இருக்கிறது? ஸ்பெயினில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில் 53 பேர் இருந்தார்கள். பயாலஜிக் (எதிர்ப்பு சக்தியின் குறிப்பிட்ட பகுதியை அடக்கும் ஊசி) மருந்துகளில் குறைந்தது இரண்டாவது பலன் தராதவர்கள். 46 பேருக்கு வேறொருவரின் கொழுப்பிலிருந்து வளர்த்த செல்கள், 7 பேருக்கு வெறும் திரவம். மூட்டு வலியும் வீக்கமும் 20 சதவீதமாவது குறைந்தவர்கள், மிகக் குறைந்த டோஸ் பெற்ற குழுவில் முதல் மாதம் 45 சதவீதம். மூன்றாம் மாதம் அது 25 ஆக இறங்கிவிட்டது. டோஸைக் கூட்டியதால் பலன் கூடவில்லை. சீனாவில் 172 பேரிடம் தொப்புள்கொடிச் செல்களைச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். அங்கே முடிவு இதைவிட நம்பிக்கை தருவதாக இருந்தது. ஆனால் இரண்டு ஆய்வுகளிலும் வழக்கமான மாத்திரைகள் தொடர்ந்தன. 'துணைச் சிகிச்சை' என்று சொல்வது அதனால்தான்.

அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஸ்பெயின் ஆய்வின் மிகக் குறைந்த டோஸே கிலோவுக்கு 10 லட்சம் செல்கள், அதுவும் வாரம் ஒன்றாக மூன்று முறை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கு 6 கோடி. இடுப்பெலும்பிலிருந்து 60 மில்லி மஜ்ஜை எடுத்தால் அதில் இந்த வகைச் செல் லட்சம், இரண்டு லட்சம் தேறினாலே அதிகம். அதைக் கோடிக்கணக்கில் பெருக்க, தூய ஆய்வகத்தில் சில வாரங்கள் வளர்க்க வேண்டும். காலையில் மஜ்ஜை எடுத்து மாலையில் ஏற்றி அனுப்புகிறவர்கள் அந்த ஆய்வுகளில் இருந்த சிகிச்சையைத் தருவதில்லை. ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பி.ஆர்.பி. ஊசியும் ஸ்டெம் செல் அல்ல.

"ஊசி போட்ட மறுநாளே வலி போய்விட்டது" என்கிறார்களா? டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து டெக்சாமெத்தசோன், ஹைட்ரோகார்டிசோன், மெத்தில்பிரட்னிசோலோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வாமையைத் தடுக்க என்று கொடுக்கப்படும் ஸ்டீராய்டுகள் இவை. மூட்டுக்குள் போட்ட மெத்தில்பிரட்னிசோலோன் வாரக்கணக்கில் வீக்கத்தை அடக்கும். பெயர் ஸ்டெம் செல்லுக்குப் போய்விடும். நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுவார். உள்ளே எலும்பு அரிப்பது தொடரும். இந்தச் சிகிச்சையில் நாம் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்.

நம் நாட்டில் விதி தெளிவாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்தப் புற்றுநோய் போன்ற சில நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகக் கொடுப்பது நெறிமீறல். மூட்டுத் தேய்மானத்துக்கு 2022-இல் ஸ்டெம்பியூசெல் என்ற தயாரிப்பு அனுமதி பெற்றது. அதைக் காட்டி முடக்குவாதத்துக்கும் அனுமதி உண்டு என்று யாரும் சொன்னால் ஏமாறாதீர்கள். இரண்டும் வேறு வேறு நோய்கள்.

ஆய்வில் சேர விருப்பம் இருந்தால் முதலில் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் இணையப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த இணையதளத்தில் யாரும் தேடலாம். எந்த நோய்க்கு, எந்த மருத்துவமனையில், மருந்துக் கட்டுப்பாட்டு ஜெனரலின் அனுமதி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். பதிவு மட்டுமே அனுமதி ஆகாது, ஆகவே ஜெனரலின் அனுமதி பற்றிய வரியையும் படியுங்கள். முறையான ஆய்வில் செல்லுக்குப் பணம் கேட்க மாட்டார்கள். செல் எண்ணிக்கை, உயிருள்ள செல்களின் சதவீதம், பாக்டீரியா, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) சோதனை முடிவு ஆகியவை அடங்கிய, அந்தத் தயாரிப்புத் தொகுதிக்கான பேட்ச் சான்றிதழ் இருக்க வேண்டும். இது வெறும் காகிதமல்ல. 2018-இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தத் தயாரிப்பு செலுத்தப்பட்ட 12 பேருக்கு ரத்தம், மூட்டு போன்ற இடங்களில் பாக்டீரியா தொற்று வந்து, எல்லோரும் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று.

ஊசியை நம்பி, முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை ஏற்கெனவே விட்டவர்கள் வீட்டில் மிச்சமிருக்கும் பட்டையைப் பிரித்துத் தாமாகத் தொடங்க வேண்டாம். ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின் பரிசோதனை முடிந்தபின் வாதநோய் மருத்துவர் டோஸைச் சொல்வார். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் மாத்திரை. தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, வெள்ளணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்து. ஃபோலிக் ஆசிட் வேறொரு நாளில். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூட்டில் ஊசி போட்டபின் அந்த ஒரு மூட்டு மட்டும் சூடாகச் சிவந்து வீங்கினாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொண்டால் மூட்டு நீரில் கிருமி பிடிபடாமல் போகும். முதலில் நீரை எடுத்து கல்ச்சருக்கு (கிருமி வளர்ப்புச் சோதனைக்கு) அனுப்பட்டும்.